கிணற்று வளைவு

அக்கா ஓய்வு பெற்ற மறுவாரமே தம்பிக்குப் போன் வந்துவிட்டது.

"டேய், இந்த வருஷம் சைக்கிள் பந்தயம் நம்ம மலை வழியாப் போகுது. நேர்ல போய்ப் பாக்கறோம். சாயங்காலம் உன் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு வா, உக்காந்து பேசுவோம்."

அவ்வளவுதான். முடியுமா, வேலை இருக்கிறதா, உனக்கு என்ன தோன்றுகிறது என்கிற விசாரணையெல்லாம் அக்காவிடம் கிடையாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்கிற ஆள் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்லக் கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கியவள். பாதி தூக்கிவிட்டு யோசித்துக்கொண்டு நிற்பது அந்தத் தொழிலில் ஆகாது.

தம்பி நேர் எதிர். பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்துகொடுக்கிறவன். ஒரு முன்பல்லின் நிறத்தை முடிவு செய்ய அரை நாள் ஜன்னல் வெளிச்சத்தில் நிற்பான். தலை நரைத்து மூக்கில் கண்ணாடி ஏறிய மனுஷனை அவன் இவன் என்று எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். அக்கா "டேய்" என்றதும் அவனே அரைக்கால் சட்டைக்குப் போய்விடுகிறான், நமக்கென்ன வந்தது.

வேறு யாருக்காவது இப்படி ஓர் அழைப்பு வந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். தம்பிக்கோ கையிலிருந்த மெழுகு அச்சில் பல் ஒன்று நசுங்கியதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"இப்பவாவது சொல்லிடுங்க," என்றாள் அவள். "அண்ணி என்ன, உங்களைக் கடிச்சா தின்னுடுவாங்க?"

"என்னன்னு சொல்றது? அங்க கிணறே இல்லைன்னு சொல்லவா? கொக்கே இல்லைன்னு சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லுங்க."

சொல்வது அவளுக்குச் சுலபம். அந்தக் கோடையில் அந்த வீட்டில் அவள் இல்லையே.

அப்பா சைக்கிள் பைத்தியம். பக்கத்து நாட்டில் வருடாவருடம் கோடையில் நடக்கிற அந்தப் பெரிய பந்தயத்தை ரேடியோவில் விடாமல் கேட்பார். பாஷை ஒரு சொல் புரியாது. இருந்தாலும் காதை ரேடியோவில் ஒட்டவைத்துக்கொண்டு தலையை ஆட்டுவார். ஒரு வருடம் யாரோ கழித்துக்கட்டிய கறுப்பு வெள்ளை டிவி ஒன்றைத் தோளில் சுமந்து வந்து கூடத்து அலமாரிமேல் வைத்தார். "இந்தக் கோடைக்குப் பந்தயத்தை இதுல பாக்கறோம். ஒருநாள் அந்த மலைக்கே போய் நின்னு பாக்கறோம்," என்றார். அந்தக் கோடை அவருக்கு வரவில்லை. அதற்குள், வேலை செய்யும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். பள்ளிக்கூடம் விடுமுறை. பகல் முழுக்க வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும். அக்காவின் முகம் அழுது அழுது வீங்கிப்போயிருந்தது. தம்பிக்கு அந்தக் கோடையைப் பற்றி முதலில் ஞாபகம் வருவதே அந்த முகம்தான்.

பந்தயம் தொடங்கிய அன்று மத்தியானம் அக்கா எழுந்துபோய் டிவியைப் போட்டாள். திரை முழுக்க வெள்ளைப் பொரி. எதிரே ஒரு பெரிய சரக்குக் கிடங்கு வானத்தையே மறைத்துக்கொண்டு நின்றது. படம் எங்கிருந்து வரும்? அக்கா அப்போதே நல்ல உயரம். பின்னறைக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே அப்பா கட்டிவைத்திருந்த ஆன்டெனாக் கம்பியை எட்டிப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு கணம் திரையில் ஒரு சக்கரம், ஒரு குனிந்த முதுகு, ஒரு சரிவு தெரிந்தன. அடுத்த கணமே பழையபடி பொரி. கையை எடுத்தால் அந்த ஒரு கணப் படமும் கிடையாது.

"வருதாடா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

அந்த முகத்தோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"வருதுக்கா! அப்படியே பிடிச்சுக்கோ!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். வருகிறது என்று சொன்னால், என்ன வருகிறது என்று அடுத்த கேள்வி வராதா? வந்தது. தம்பி சொல்ல ஆரம்பித்தான். ஒருத்தன் தனியாக முன்னால் போகிறான் என்றான். எப்படி இருக்கான் என்றாள். ஒல்லி, நீளக் கழுத்து, கொக்கு மாதிரி இருக்கான் என்றான். அந்த நிமிஷமே அவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. சிவப்புச் சட்டை, ஒரு கால் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும், மேட்டில் ஏறும்போது நாக்கைத் துருத்துவான். பின்னறையிலிருந்து அக்கா சிரித்தாள். அப்பா போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்குமேல் தம்பி எங்கே நிறுத்துவான்? தினமும் அள்ளிவிட்டான். டிவியில் இரைச்சலுக்கு நடுவே புரியாத பாஷையில் யாரோ படபடவென்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தம்பி ஈடு கொடுத்தான்.

பின்னாளில் பல் கட்டும் தொழிலில் அவன் பேர் வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். பல்வரிசை அச்சுப் பிசகாமல் இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். எங்காவது ஒன்றைக் கொஞ்சம் கோணலாக வைக்க வேண்டும்; அப்போதுதான் சொந்தப் பல் என்று நம்புவார்கள். அந்தக் கோணல் பல் வைக்கும் வித்தையை அவன் அப்போதே கற்றுவைத்திருந்தான்.

பந்தயம் மலைக்கு வந்தது. மலையின் பெயரை மட்டும் இரைச்சலிலும் திரும்பத் திரும்பச் சொன்னதால் இரண்டு பேருக்கும் அது மனப்பாடம் ஆயிற்று. அது நிஜ மலை. ஆனால் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு, அங்கே ஒரு கிணறு, கிணற்றின் ராட்டினத்தில் ஒரு கம்பி உடைந்து தொங்குவது, பக்கத்தில் மஞ்சள் வீடு, நீலக் குடையோடு நிற்கிற ஒரு கிழவி, இவையெல்லாம் தம்பியின் கைவேலை. கிணற்று வளைவில் கொக்கின் சங்கிலி அறுந்தது. கொக்கு அழவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓட ஆரம்பித்தான். பின்னால் வருகிறவர்கள் நெருங்கிவிட்டார்கள். "ஓடச் சொல்லுடா, ஓடச் சொல்லு!" என்று அக்கா பின்னறையிலிருந்து கத்தினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. எப்பேர்ப்பட்ட புளுகனாக இருந்தாலும் அணைந்துபோன டிவியில் ஒருவன் ஓடுகிறான் என்று சொல்ல முடியாது. கரண்ட் வந்தபோது அங்கே வேறு யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் பந்தயத்தின் கடைசி நாள்; அதோடு அந்த வருடப் பந்தயம் அவர்களுக்கு முடிந்துபோயிற்று.

அடுத்தடுத்த வருடங்களில் எல்லார் வீட்டிலும் நல்ல டிவி வந்தது, பந்தயம் கலரில் பளிச்சென்று வந்தது. தம்பி ஏதாவது சாக்குச் சொல்லி அக்காவோடு உட்கார்ந்து பார்ப்பதைத் தட்டிக்கழித்தான். கொக்கு எங்கேடா என்று ஒருமுறை கேட்டாள். "அவன் விட்டுட்டான்க்கா, முட்டி தேஞ்சுபோச்சாம்," என்று மென்று விழுங்கினான். அக்கா உச்சுக்கொட்டினாள். அவளும் பந்தயம் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆனால் குடும்பத்தில் யார் கூடினாலும் அந்தக் கோடைப் பேச்சு வந்துவிடும், கிணற்று வளைவு வந்துவிடும். அவள் வாழ்க்கையில் பொக்கிஷமாக வைத்திருப்பது அந்த மத்தியானங்களைத்தான் என்று தம்பிக்குத் தெரியும். இப்போது அந்த மலைக்கே போய்க் கிணற்றைத் தேடினால் என்ன ஆகும்? கை கடுக்க நின்றதெல்லாம் ஒன்றுமில்லாத திரைக்காகத்தான் என்று தெரிந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதுதான் அவன் பயம். பயணத்துக்கு அவன் பயப்படவில்லை, அந்த முகத்துக்குப் பயந்தான்.

சாயங்காலம் போனபோது அக்காவின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. பெரிய வரைபடம் ஒன்று நான்கு முனைகளிலும் தம்ளர்களோடு விரிந்து கிடந்தது. நாற்காலியில் புத்தம்புது மடக்கு நாற்காலிகள் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள். ஜன்னல் திட்டில் தொப்பிகள், தண்ணீர்க் குடுவைகள், ஒரு பைனாகுலர். ஆளைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம்தான் திட்டம் என்பது இவளிடம் இல்லை. திட்டம் முடிந்துவிட்டது, ஆள்தான் பாக்கி.

"சாலையைக் காலையிலேயே அடைச்சிடுவாங்களாம்," என்று அக்கா ஆரம்பித்தாள். "அடிவாரத்துல ரயில் நிக்குது. அங்க ராத்திரி தங்கறோம். விடிஞ்சதும் நடை. மத்தியானத்துக்கு முன்னாடி வளைவுல போய் இடம் பிடிச்சிடணும்."

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். மலையெல்லாம் வேணாம். பந்தயம் முடியற ஊருக்குப் போயிடுவோம். பெரிய திரை வெச்சிருப்பாங்க, உக்காந்துகிட்டு முழுசாப் பாக்கலாம்."

"திரையில பாக்கறதுக்கு நான் எதுக்குடா அவ்வளவு தூரம் வரணும்? இங்கயே என் சோபா இருக்கே."

"அப்ப சமவெளில நிப்போம். உன் முட்டிக்கும் நல்லது."

"சமவெளில விர்ருனு போயிடுவாங்க. தும்மல் வந்துச்சுன்னா பந்தயம் போச்சு. மேட்டுலதான் மெதுவா ஏறுவாங்க, மூஞ்சி தெரியும். அதுவும் வளைவுல நின்னா கீழேருந்து வர்றதும் தெரியும், மேலே போறதும் தெரியும். எல்லாம் விசாரிச்சுட்டேன்."

"அண்ணி, பக்கத்துல பாத்ரூம் இருக்கற வளைவா பாருங்க," என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு அவள் கவலை.

"அதையும் பாக்கறேம்மா." அக்கா வரைபடத்தின்மேல் குனிந்து விரலை வைத்தாள். வலது தோள் அவளுக்கு ஒத்துழைப்பதில்லை. பாதிக்குமேல் தூக்க முடியாது. கிரேன் நெம்புகோல்களை இழுத்து இழுத்து வந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா மட்டும் எல்லாரிடமும் "இது ஆன்டெனா தோள்" என்று சொல்லிச் சிரிப்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் தம்பிக்குச் சுருக்கென்றிருக்கும்.

"இங்க பார், மேல ஏற வளைவு வளைவா இருக்கு. இதுல கிணத்து வளைவு எதுடா?"

தம்பிக்கு முழி பிதுங்கியது. மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, வரைபடத்தைப் படிப்பது போலக் கொஞ்ச நேரம் பாவனை செய்தான். பிறகு அவனே எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். வந்தது இன்னொரு பொய்.

"அக்கா, நான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். ரோட்டை அகலம் பண்ணினாங்களாம். அப்ப அந்தக் கிணத்தை மூடிட்டாங்களாம்."

"அடப்பாவமே," என்றாள் அக்கா. "மஞ்ச வீடு?"

"அதுவும் இடிச்சாச்சு."

"நீலக் குடைக் கிழவி?"

"அவங்க இன்னுமாக்கா இருப்பாங்க?"

"இருக்க மாட்டாங்கதான்," என்று அக்கா பெருமூச்சு விட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று தம்பிக்குப் பதறிப்போயிற்று. எழுந்து பக்கத்தில் போனான். அக்கா நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர்தான், ஆனால் அது சிரிப்பை அடக்கி அடக்கி வந்த தண்ணீர்.

"டேய், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எத்தனையோ வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். கறுப்பு வெள்ளை டிவில சிவப்புச் சட்டை எப்படிடா தெரிஞ்சுது உனக்கு?"

தம்பி மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். தம்பி பிளாஸ்டிக் உறையோடு கிடந்த மடக்கு நாற்காலிகள் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தான்.

"உனக்குத் தெரியுமா? எப்போலேருந்து?"

"மொத வாரமே தெரியும். அன்னைக்கு ஒருநாள் கை மரத்துப்போச்சு. கம்பியை ஜன்னல் கொக்கியில மாட்டிட்டு மெதுவா வந்து கதவுகிட்ட நின்னேன். டிவில வெள்ளையாப் பொரிஞ்சுகிட்டிருக்கு. நீ அதைப் பாக்கக்கூட இல்ல. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு, கொக்கு நாக்கைத் துருத்தறான்னு கத்திக்கிட்டிருந்தே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? திரும்பப் போய்க் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன்."

"ஏன்க்கா?" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "ஒண்ணுமே வரலைன்னு தெரிஞ்சும் எதுக்குக்கா கை கடுக்க நின்னே? கொக்கியிலயே மாட்டி விட்டிருக்கலாமே?"

அக்காவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. வரைபடத்தின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"உனக்கு ஞாபகம் இல்லையாடா? அப்பா போனதிலேருந்து நீ பேசறதையே விட்டுட்டே. ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிடறியான்னா தலையாட்டுவே, அவ்வளவுதான். ஸ்கூல்ல அம்மாவைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி என்னைத்தான் கேப்பாங்க, இன்னைக்காவது ஏதாவது பேசினானான்னு. நான் என்ன சொல்றது? அதை நெனச்சு நெனச்சே எனக்கு மூஞ்சி வீங்கிக் கெடக்கும். அன்னைக்கு நான் வருதாடான்னு சும்மா கேட்டேன். நீ 'வருதுக்கா'ன்னு கத்தினே பாரு, அப்பா போனப்புறம் நான் கேட்ட உன் மொதக் குரல் அது. நான் கம்பியை விட்டுட்டு வந்தா நீ மறுபடியும் வாயை மூடிக்குவேன்னு பயம். அதான் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

தம்பி தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் அம்மா வந்ததும் கொக்கு கதை முழுக்கச் சொல்லுவேன். நாக்கைத் துருத்தறது, கால் வளைஞ்சிருக்கறது எல்லாம். அம்மா பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே கேப்பாங்க. கடைசியில, 'நாளைக்கும் பிடிச்சுக்கோடி'ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுப்பாங்க."

பேசாமல் இருந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. யோசித்துப் பார்த்தான். அந்த வசந்தகாலம் முழுவதும், சாவு வீட்டுக் கூட்டம், பள்ளிக்கூடம், அம்மாவின் புது வேலை, எதிலும் அவன் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடமும் தான்தான் அக்காவைத் தேற்றியதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெருமையையும் அந்தப் பயத்தையும் சேர்த்தே சுமந்துகொண்டிருந்தான். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவள் கண்ணை மூடும்வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனுக்கு அழுகை வந்தது. அக்கா முன்னால் அழுவதற்கு என்ன வெட்கம் என்று அழுதான்.

தம்பி மனைவி எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அதைக் குடித்தார்கள்.

"சரி, இப்ப எந்த வளைவுல நிக்கறோம்?" என்று அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"அவனே சொல்லட்டும்," என்றாள் அக்கா. "அவன் வெட்டின கிணறு."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரைபடத்தின்மேல் குனிந்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சாலை நன்றாக வளைந்து திரும்புகிற இடம். பக்கத்தில் மரங்கள் இருப்பதாகப் பச்சை போட்டிருந்தது. சற்றுத் தள்ளி ஏதோ ஒரு விடுதிக் குறியும் இருந்ததால் பாத்ரூம் பிரச்சினையும் தீர்ந்தது. "இதுதான்க்கா," என்றான். அக்கா பேனாவை எடுத்து அங்கே ஒரு வட்டம் போட்டாள். அப்பாவுக்கும் இந்த இடம் பிடித்திருக்கும் என்றாள். ரயில் எது, எங்கே மாற வேண்டும், நாற்காலிகளை யார் சுமப்பது என்று கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டார்கள். நாற்காலி தம்பி தலையில் விழுந்தது.

எல்லாம் முடிந்து கிளம்புகிற நேரம். தம்பி செருப்பில் காலை நுழைத்துவிட்டான்.

"டேய்," என்றாள் அக்கா. "கொக்கு என்னடா ஆனான்? கரண்ட் போயிடுச்சே. ஜெயிச்சானா இல்லையா?"

"நான் எங்கக்கா கண்டேன்?"

"நீ காணாம வேற யாருடா கண்டா?"

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, அந்த வராத தோளை வருகிற மட்டும் தூக்கினாள். திரைச்சீலைக் கம்பி எட்டவில்லை. திரைச்சீலையின் ஒரு மடிப்பைத்தான் பிடிக்க முடிந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வருதாடா?"

தம்பி செருப்பைக் கழற்றினான். மனைவி சத்தமில்லாமல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வருதுக்கா," என்றான். "நல்லா வருது. அப்படியே பிடிச்சுக்கோ."

கண்ணை மூடிக்கொண்டான். கரண்ட் போன அன்றிலிருந்து சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வளைவிலேயே நின்றிருந்த கொக்கு மறுபடி ஓட ஆரம்பித்தான்.